கையுறையில் ஒட்டிய பிசுக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தது என் அண்ணிக்கு. பேய்ப்படம் ஓடும்போது அசராமல் வெங்காயம் நறுக்குகிற ஆள் அவர்.

அண்ணிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஒரு காட்டுக் கொடியின் விதையில் அபூர்வமான கொழுப்பு அமிலம் ஒன்று உண்டு. அந்தக் கொடியின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள்ளும் கடுகுச் செடிக்குள்ளும் புகுத்தி, அவற்றையே அந்த அமிலத்தைச் சுரக்க வைக்க வேண்டும். நாலு வருடப் போராட்டம். கடுகு கையை விரித்துவிட்டது. ஈஸ்ட்டும் திங்கட்கிழமைக்குள் வழிக்கு வராவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

ஞாயிறு மதியம் 2.10. கட்டடத்தில் அண்ணியும், வாசலில் காவலாளியும் மட்டும். ஈஸ்ட் குடுவைகளை ஒரு ஜன்னலில்லாத சின்ன அறையில் இயந்திரம் ஓயாமல் குலுக்கிக்கொண்டிருக்கும். அறையில் எப்போதும் முப்பது டிகிரி சூடு. அண்ணி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவை விரியத் திறந்துதான் வைத்தார்.

சளக்... சளக்... சளக்...

2.14. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. துளிக் காற்று இல்லை.

2.15. விளக்கு அணைந்தது. இயந்திரத்தின் உறுமலும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்.

ஆனால் குடுவைகள் நிற்கவில்லை.

சளக்... சளக்...

பிறகு ஒவ்வொன்றாக நின்றன. கோடியில் இருந்தது முதலில். அடுத்தது. அதற்கடுத்தது. யாரோ ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டே வருவதுபோல...

"யாரு?"



அண்ணிக்குப் பக்கத்தில் இருந்த குடுவையும் நின்றது.

கதவைத் தடவினார். கைப்பிடி அகப்பட்டது. அந்தச் சூட்டிலும் சில்லென்று இருந்தது. வழவழவென்று ஒரு பிசுக்கு.

அவர் திருப்பவில்லை.

அதுவே திரும்பியது.

வெளியே நடைபாதையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கரண்ட் போகவே இல்லை.

2.19. மூச்சிரைக்க வாசலுக்கு ஓடினார். "அந்த அறைக் கதவு... உள்பக்கக் கைப்பிடி... ஒரே வழுக்கல்..."

காவலாளி புரியாமல் விழித்தார். "உள்பக்கக் கைப்பிடியா? அதை வெள்ளிக்கிழமையே கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டாங்களேம்மா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அண்ணி கையுறையைப் பார்த்தார். உள்ளங்கையில் பிசுக்கு அப்படியே இருந்தது. ஆராய்ச்சிக்காரர் அல்லவா... கழற்றிப் பையில் போட்டு வைத்தார். மறுநாள் ஈஸ்ட்டோடு சேர்த்து அதையும் பரிசோதனைக்குக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணி, அமிலம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்போ ஜெயிச்சாச்சே!"

"ஈஸ்ட்டுல இல்ல தம்பி. ஒரு துளிகூட இல்ல. எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டாங்க." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கையுறையோட வெளிப்பக்கத்துல இருந்தது. அந்த அமிலம் கொடி விதையை விட்டா... மனுஷத் தோல்லதான் சுரக்கும்."