கோணல் கோடு போட்ட நடைபாதை

எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பஸாரில் நடப்பதென்றால் நடுறோட்டில்தான் நடக்க வேண்டும். பாதையோரம் என்று ஒன்று இருந்ததைக் கடைக்காரர்களாகிய நாங்கள் எப்போதோ விழுங்கி ஏப்பம் விட்டிருந்தோம். ஒருவர் கடைக்கு முன்னால் ஓடிய கழிவுநீர்க் கானுக்கு மேல் பலகை போட்டார். அடுத்தவர் பலகையை எடுத்துவிட்டுச் சீமெந்து மேடையே கட்டினார். மேடைக்கு முன்னால் மூடைகள், மூடைகளுக்கு முன்னால் சைக்கிள்கள். லொறிக்கும் மாட்டு வண்டிலுக்கும் நடுவே சனங்கள் புகுந்து போனார்கள்.

என் மூத்த சகோதரி ராத்தாவால் அப்படிப் புகுந்து போக முடியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. தடி ஊன்றித்தான் நடப்பார். பெருநாளுக்குப் பெருநாள் என் புடவைக் கடையிலிருந்து நாலைந்து சேலைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் விரிப்பேன். ஒரு முறை அவற்றைத் தொடாமலே சொன்னார்:

"நீ கொண்டு வாறதத்தானே இவ்வளவு காலமும் உடுத்தன். ஒருக்காவாச்சும் நானே பஸாருக்கு வந்து, என்ட கண்ணால பாத்து எடுக்கணும், தம்பி."

அது சுருக்கென்று தைத்தது. அடுத்த பெருநாளைக்கு வரவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் கடை மேடையைத்தான் முதலில் அலவாங்கால் இடித்தேன். "காக்காக்கு விசர் புடிச்சிட்டு" என்று, என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றழைக்கும் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் சிரித்தார். அவர் வாசலில் போய் நின்று சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். அந்த ஒரு விடயத்தில் அது நன்றாக உதவியது. கெஞ்சியும் ஏசியும் கடை கடையாக மேடைகளை உடைக்க வைத்தேன். முஸ்லிம் கடை, தமிழ்க் கடை என்றில்லாமல் எல்லோரும் சீமெந்து தந்தார்கள். கானைத் துப்புரவாக்கி, மேலே மூடி, நடைபாதை போட ஒரு மேசனைப் பிடித்தோம். பள்ளிவாசல்களுக்குத் தரை போட்டுப் பேரெடுத்தவர்.

பூச்சு வேலை நடந்தபோது நான் சரக்கெடுக்கக் கொழும்பு போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தலை சுற்றியது. கால் வழுக்காமலிருக்கத் தரையில் கீறும் கோடுகள் எல்லாம் றோட்டுக்குக் கோணலாகக் கிடந்தன, பஸாரின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை.

"என்ன மேசன் இது?"

"ஏன் முதலாளி? கிப்லாவுக்குச் சரியாத்தானே நூல் புடிச்சிருக்கன்."

"இது பள்ளியில்ல, றோட்டு!"

மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். கிப்லாத் திசையான மக்காவை நோக்கித் தொழுவோர் வரிசையாக நிற்பதற்குக் கோடு கீறிக் கீறி அவருக்குக் கை பழகிவிட்டது. சீமெந்தும் இறுகிவிட்டது. பஸாரே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருநாள் வியாபாரம் சூடுபிடித்தால் மூடைகள் பழையபடி வெளியே வந்துவிடும், ராத்தா வீட்டிலேயே இருப்பார் என்பதுதான் என் பயம். நினைத்தபடியே பக்கத்துக் கடைக்காரர் செத்தல் மிளகாய் மூடையொன்றை இழுத்து வந்து கோட்டின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொழுற இடத்துல மூடைய வெச்ச மாதிரிக் கிடக்கு" என்று முணுமுணுத்தபடி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

வெற்றிலை துப்ப வந்தவர்கள் அந்தக் கோடுகளைக் கண்டதும் றோட்டுப் பக்கம் திரும்பினார்கள். தமிழ்க் கடைக்காரர்களும் பள்ளித் தரை மாதிரி இருக்கிறதென்று சாமான்களை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அது வெறும் பாதைதான் என்று நான் வாயைத் திறப்பேனா?

பெருநாளுக்கு முந்திய வாரம், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், ராத்தா வந்தார். பின்னால் அவர் மகள். தடியை ஊன்றி, ஒருவரும் இடிக்காமல், அவசரப்படாமல் நடைபாதையின் நடுவால் நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருப்பதிலேயே நல்ல சேலைகளை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். ராத்தா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேரே தாண்டிப் போய் நாலு கடை தள்ளியிருந்த புடவைக் கடைக்குள் நுழைந்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு பார்சலோடு வந்து என் கடையில் உட்கார்ந்தார். பிரித்துக் காட்டினார்.

"இந்த நிறம் நீ ஒருநாளும் எனக்குக் கொண்டு வரல்லயே, தம்பி."

"ஓம் ராத்தா" என்றேன். வாடிக்கை வேறு கடைக்குப் போனதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற வியாபாரி, அந்தப் பஸாரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.