வெட்டச் சொன்ன வரி

சலவைக் கடைக்காரியைத் தெருவே ரெஃப்ரி என்றுதான் கூப்பிடும். பிள்ளைகள் பந்தடிக்கும்போது தேய்த்த சட்டையும் கையுமாக வாசலில் வந்து நின்று தீர்ப்புச் சொல்வாள். எதிர்த்துப் பேசினால் அன்றைக்குப் பந்து கடைக்குள் சிறை.

பழைய ஆட்டக்காரர்களிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்குவதில் அவளுக்குத் தனி வழி இருந்தது. மற்றவர்கள் தலையில் ஐஸ் வைத்து எழுதுவார்கள். அச்சடித்த படம் ஒன்று வரும், அவ்வளவுதான். இவள் ரெஃப்ரி என்றே பேர் போட்டு எழுதி, சண்டைக்கு இழுப்பாள். ஓட்டக்காரி ஒருத்தியை, கடைசிச் சுற்றில் திரும்பிப் பார்த்தது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். அவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். பக்கம் பக்கமாகத் திட்டி, அடியில் முழுக் கையெழுத்தும் போட்டு அனுப்புவார்கள். யாருக்குமே பதில் எழுதாத சிடுமூஞ்சிக் கோல்கீப்பர் ஒருவர், இறுதி ஆட்டத்தில் தான் கோட்டை விட்ட பந்தைப் பற்றி இவளுக்கு மூச்சுவிடாமல் எழுதியிருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கடிதத்துக்கு ஏகக் கிராக்கி.

கடையின் நீராவி இஸ்திரி உயிரை விட்ட வாரத்தில், கடையில் பாதிப் பங்காளியான கொழுந்தன், பிரபலங்களின் கையெழுத்தை வாங்கி விற்கும் ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தான். புது இயந்திரம் இல்லாவிட்டால் ஓட்டல் துணிகள் கைநழுவிப் போகும் என்று அவன் புலம்பியதில் பொய்யில்லை. அவளும் அரை மனதாகத் தலையாட்டி, கடிதத்தை மேசைமேல் விரித்தாள்.

வியாபாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து அசல்தான் என்றார். ஒரே குறை, ‘மரியாதைக்குரிய ரெஃப்ரி அம்மாவுக்கு’ என்று ஆளைச் சொல்லி ஆரம்பித்திருப்பது. அடுத்தவர் பேர் போட்ட கடிதமென்றால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். அந்த வரியை மட்டும் நறுக்கிவிட்டால் நல்ல விலை போகும் என்று பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

அவளுக்கு வந்ததே கோபம். கடிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“திட்டு வாங்கினது நான். என்னை வெட்டிட்டு மிச்சத்தை எவன் வாங்குவான்?”

வியாபாரி வந்த வழியே நடையைக் கட்டினார். அவள் பரணிலிருந்து கரி போடுகிற பழைய இஸ்திரிப் பெட்டியை இறக்கி, ஓட்டல் மூட்டையை அவிழ்த்தாள்.

“ஒரு வரிதானே அண்ணி,” என்றான் கொழுந்தன்.

“உங்கண்ணன் செத்து எட்டு வருஷமாச்சு. கரண்ட் பில் இன்னும் அவர் பேர்லதான் வருது. இந்த வீட்டுக்கு எனக்குன்னு வந்ததெல்லாம் இவங்க திட்டினதுதான். அதுல ஒரு எழுத்துகூடத் தரமாட்டேன்.”

அவன் பெட்டியில் கரியை அள்ளிப் போட்டு விசிற ஆரம்பித்தான்.