முயற்சி செய்வது யார்?

1. ஒரே வாக்கியம்

அந்தமானின் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு ஆங்கில வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது. மெயின்லேண்ட் போக இடம் கேட்டு யார் மனுக் கொடுத்தாலும், இடம் தர 'எண்டெவர்' செய்வோம் என்று பதில் அடிக்க வேண்டும். எண்டெவர் என்றால் மும்முரமாக முயற்சி செய்வது என்று அகராதி சொல்லும். எங்கள் ஆபீசிலோ, அந்தச் சொல்லை அடித்ததும் ஃபைலைக் கட்டி அலமாரியில் போட்டுவிடுவோம்.

"நா மத் லிகோ, ஹாங் மத் லிகோ. எண்டெவர் லிகோ" என்பார் எங்கள் தலைமை கிளார்க் படா பாபு. இல்லை என்றும் எழுதாதே, ஆமாம் என்றும் எழுதாதே என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கப்பல் எப்போதாவதுதான் வரும், கேட்பவர்களோ ஏராளம்.

2. ராமாயி

எழுபதுகளில் ஒரு நாள், கட்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து ராமாயி என்ற பெண் வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து, அவர் கணவர் முத்தையாவுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த கப்பலில் மெட்ராஸ் போனால் அதையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் மனுவுக்குப் பதிலாக நான் அடித்த கடிதத்தை என்னிடமே நீட்டினார்.

"இதுல என்னாங்கய்யா எழுதியிருக்கு?"

"இடம் கொடுக்க முயற்சி செய்வோம்னு எழுதியிருக்கும்மா."

"ரொம்ப சந்தோசங்கய்யா. முயற்சி செய்யிறது யாருங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "நான்தான்" என்று உளறிவிட்டேன்.

மறுநாள் காலை கணவரைக் கைபிடித்து அழைத்து வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். "என்னா முயற்சிங்கய்யா செஞ்சீங்க?" என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டார். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று புளுகினேன். "நீங்க நல்லா இருக்கணும்" என்று இருவரும் கும்பிட்டார்கள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மூன்றாம் நாள் வெட்கத்தில் பின்வாசல் வழியாக ஆபீசுக்குள் போனேன்.

3. சௌல்தாரிக்கு சைக்கிளில்

அன்றுதான் பயணிகள் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். சௌல்தாரி கிராமத்தில் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டர், கப்பலின் மலிவான பங்க் கிளாஸில் தன் ஆட்கள் ஆறு பேருக்கு இடம் பிடித்திருந்தார். அரை நாள் லீவு போட்டு, மேடும் பள்ளமுமாக சைக்கிள் மிதித்துப் போய் அவரைப் பிடித்தேன்.

"வேலை முடியலப்பா. ரெண்டு பேரு அடுத்த கப்பல்லதான் போவாங்க" என்றார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?"

"உங்க ஆபீஸ்ல இருந்து யாரு வந்து கேட்டீங்க?"

இரண்டு இடத்தையும் விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினேன். வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு முன்னுரிமை என்று விதி ஏற்கெனவே இருந்தது. இடம் காலியா என்று தேடத்தான் ஆளில்லை. படா பாபு தாளையும் வியர்த்து நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாகல்" என்று என்னைப் பைத்தியமாக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த நல்ல மனிதருக்கும் நான் கடன்பட்டவன்.

அதன்பிறகு எண்டெவர் என்று அடித்தால், ஆபீஸ் காப்பியின் ஓரத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று பென்சிலால் எழுதிவைப்பேன். எழுத ஒன்றுமில்லையென்றால் இடமில்லை என்றே அடித்துவிடுவேன். சண்டைகள் வந்தன, சமாளித்தேன்.

சில மாதங்கள் கழித்து, மெட்ராஸிலிருந்து கட்சாலுக்குத் திரும்பும் வழியில் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். முத்தையா மேஜையைச் சுற்றி வந்து, என் முகத்துக்கு வெகு அருகில் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"சின்ன வயசுக்காரரா இருக்கீங்களே ஐயா! கொரல வச்சு வயசானவருன்னுல்ல நெனச்சிருந்தேன்."

என் சர்வீஸ் முழுவதிலும் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை.