அம்மாவுக்குக் காட்ட நினைத்த கட்டடங்கள்

நடந்தவை வரிசையாக:

1. அம்மா கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கண்ணும் சிவந்திருந்தது.

2. தூசி என்றார் அப்பா. அரியலூரில் ரெட்டிபாளையம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கண்ணில் எது வந்தாலும் தூசிதான். சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன.

3. மெடிக்கல் கடையில் தூசிக்கென்று கொடுக்கும் சொட்டு மருந்தை ஊற்றினோம். சிவப்பு குறைந்தது. குறைந்ததால், தூசிதான் என்று எல்லோருக்கும் உறுதியானது. மாதக்கணக்கில் ஊற்றினோம்.

4. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தூரத்து பஸ்ஸின் போர்டைச் சரியாகப் படித்த அம்மா, பக்கவாட்டில் வந்த சைக்கிளைப் பார்க்கவில்லை. விழுந்து கை முறிந்தது.

5. கைக்குக் கட்டுப் போட்ட டாக்டர், "கையை விடுங்க, மொதல்ல கண்ணைக் காட்டுங்க" என்றார்.

6. சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வருகிறது என்றார்கள்.

"போனது திரும்பாதும்மா. இருக்கிறதைப் பிடிச்சு வைக்கப் பார்க்கலாம்" என்றார் அந்தப் பெண் டாக்டர். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "பிடிச்சு வைக்க அது என்ன கோழியாடி?" என்று கேட்டாள்.

நான் சிவில் டிப்ளமோ. பெரம்பலூரில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிறேன். முன்னால் போர்டிகோ, நடுவில் ஹால், அக்னி மூலையில் சமையலறை. ஆள்தான் மாறுகிறார், வீடு மாறுவதில்லை. அதனால் படிக்கும் காலத்திலிருந்தே, சென்னைக்கு எந்தக் காரியமாகப் போனாலும் ஏதாவது ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். எழும்பூர் நிலையத்தின் முன்மண்டபம். அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் சிவப்பு நாடக அரங்கம். கடற்கரை ஓரத்து செனட் ஹவுஸ். பாரிமுனையில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். தெருமுனையில் சுவரை வளைத்துக் கட்டி, இரும்பு கேட்டில் சூரியக் கதிர் விரிவதுபோல் கம்பிகளை வைத்திருப்பார்கள். அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட அதுதான் பிடிக்கும்.

அம்மா இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்குச் சென்னை என்றால் கல்யாண மண்டபமும் சாவு வீடும்தான். இனி மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும்போதெல்லாம் ஒரு கட்டடம், பார்வை இருக்கும்போதே, என்று முடிவு செய்தேன்.

முதல் தடவையே தப்பாகிவிட்டது. பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் மருந்தை ஊற்றியிருந்தார்கள். அப்படியே மத்தியான வெயிலில் நாடக அரங்கத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது. செவப்பா ஒரு அடுப்பு எரியுது."

அதற்கப்புறம் முதல் நாளே போய் சித்தி வீட்டில் தங்கினோம். அன்று மாலை கட்டடம், மறுநாள் காலை ஆஸ்பத்திரி. செனட் ஹவுஸை அம்மா பார்த்தாள். முழுதாக இல்லை. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் தலையை மெல்ல நகர்த்தி, ஒரு கோபுரம், ஒரு ஜன்னல், ஒரு தூண் என்று துண்டு துண்டாகப் பார்த்தாள். "மொத்தமா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். கைப்பையிலிருந்த பேப்பரில் வரைந்து காட்டினேன். பேப்பர் சின்னதாக இருந்ததால் அது முழுதாகத் தெரிந்தது.

அடுத்த தடவை எழும்பூர் நிலையத்து மண்டபத்தை அண்ணாந்து பார்த்து, நல்லா இருக்கு என்றாள். நடுவில் ஆபரேஷன் நடந்தது. அழுத்தம் கொஞ்ச நாள் இறங்கி, மறுபடி ஏறியது.

மழைக்காலத்துக்குப் பிறகு பாரிமுனைக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோவில் போகும்போதே எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கே வளைகிறது, கேட்டில் எத்தனை கம்பி, எதற்கு அந்தச் சூரியன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "வாங்கப் போறீங்களாக்கா?" என்றார். இறங்கினால், கட்டடத்துக்குச் சாரம் கட்டி மேலிருந்து கீழ்வரை பச்சை வலையைப் போட்டு மூடியிருந்தார்கள். கேட்டின் முன்னால் மணல் மூட்டைகள். எனக்குச் சப்பென்று ஆனது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அண்ணாந்து நின்று சொன்னாள்:

"நல்லா வளைச்சிருக்கான்டி. அந்தச் சூரியனும் நல்லா வந்திருக்கு."

அவள் கையைப் பிடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். டீ பாதி குடித்த பிறகு மெதுவாகச் சொன்னேன். "அம்மா, வலை போட்டு மூடியிருக்காங்க. ஒண்ணும் தெரியாது."

அம்மா டம்ளரை பெஞ்சில் வைத்தாள். "பச்சையா என்னமோ தெரிஞ்சுது. பெயிண்டு கலரை நீ சொல்ல மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப அன்னிக்கு ரயில்வே ஸ்டேஷன் மண்டபம்?"

"அதுவும் நீ சொன்னதுதான். நான் பாக்கலைன்னா ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. ஒன் மூஞ்சி எனக்கு இன்னும் தெரியுதுல்ல."

மறுநாள் ஆஸ்பத்திரியில், வட்டத்துக்குள் புள்ளிகள் போட்டுப் பார்வையின் அளவைக் காட்டும் படத்தைக் கையில் கொடுத்தார்கள். பிளான் படிக்கத் தெரிந்தவளுக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பு ஓரங்களைத் தாண்டி நடுவுக்கு வந்திருந்தது. அப்பா போன் செய்து, "தூசி இல்லாத ஊர்ல கொஞ்ச நாள் வெச்சிருந்தா சரியாகுமான்னு கேளு" என்றார். நான் கேட்கவில்லை.

இப்போது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இடது கண்ணில் நடுவே சிறிதளவு பார்வை இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனையிலும் அது குறைகிறது. இன்னொரு ஆபரேஷன் செய்து பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வேளையும் சொட்டு மருந்து ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், வேறெங்கும் நிற்காமல், அரியலூருக்குத் திரும்பிவிடுகிறோம்.