ஊமைப்படத்தில் சாமி சொன்னது

சந்தேகப்படுகிறவர்கள் பிரவீனாவிடமே கேட்டுக்கொள்ளலாம். நேருக்கு நேர் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது; உதட்டசைவை வைத்தே பேச்சைப் படித்துவிடுவாள். கோவையில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர்.

போன ஜனவரியில் கிணத்துக்கடவு பக்கம் ஒரு மடத்திலிருந்து அழைப்பு வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜீவசமாதி ஆன சாமியின் ஊமைப்படச் சுருள் ஒன்று அங்கே ஒரு பெட்டியடியில் கிடைத்திருந்தது. குழிக்குள் உட்கார்ந்து சாமி ஏதோ பேசுகிறார். அந்த அருள்வாக்கைக் குருபூஜை நோட்டீசில் அச்சடிக்க வேண்டுமாம்.

பகல் 2.40. சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த ரைஹான் படத்தை ஓட்டினான். மொத்தம் ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. மடத்து மேனேஜர் தம்பிதுரை கைகூப்பி நின்றார்.

சாமி சிரிக்கவில்லை. இரண்டு பேர் அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

பிரவீனா இன்னொரு தரம் ஓட்டச் சொன்னாள். பிறகு தாளில் எழுதினாள்.

"நா வரல... தூக்கி உடுங்கடா... மூச்சு முட்டுது..."

தம்பிதுரை படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மணி, உங்க பள்ளிக்கோடம் மடத்து எடத்துலதானுங்களே இருக்குது? 'எல்லாரும் நல்லா இருங்க'ன்னு எழுதிப்போடுங்க."

நாற்பத்திரண்டு பிள்ளைகள்.

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

படம் தானாக மறுபடி ஓடியது. ரைஹான் அதைத் தொடவே இல்லை. குழியைக் கல் மூடியது. திரை கறுத்தது. ஒரு நிமிஷம் ஐம்பது தாண்டியும்... ஓடிக்கொண்டே இருந்தது.

டொக்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காதுக்குள் என்னவோ... அது சத்தம் என்பதுகூட அவளுக்கு முதலில் தெரியவில்லை.

டொக்... டொக்...

ரைஹானின் கையைப் பிடித்து மேஜையில் தட்டிக் காட்டினாள். கேட்கிறதா?

"இல்லீங்களே."

பஸ்ஸில் கேட்டது. வகுப்பில் கேட்டது. தலையணைக்கு அடியில் கேட்டது. டாக்டர் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார்: இரண்டு காதும் துளிகூடக் கேட்காது.

டொக்... டொக்...

பதினோராம் நாள். காலை 9.10.

நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் ரைஹான் போனில் ஒரு படம் அனுப்பினான். சுருள் இருந்த பெட்டியிலேயே கிடைத்த மடத்துப் பழைய நோட்டின் பக்கம். சமாதியை மூடியதிலிருந்து அதைச் சுற்றி இரவு பகலாக மேளம் அடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் குருபூஜைக்குப் பதினோரு நாள் அடிக்கிறார்கள். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நோட்டுப் பக்கத்தின் கடைசி வரி இது:

"பதினோராம் நாள், காலை மணி 9.10. உள்ளே தட்டுவது நின்றது. மேளத்தை நிறுத்தச் சொல்லியாச்சு."