ஒரு லேப்டாப், இரண்டு போர்ஷன்

விண்டோஸ் ஓடுகிற கம்ப்யூட்டரில் லினக்ஸையும் ஏற்றுவது என்பது, குடியிருப்பவரைக் கிளப்பாமல் அதே வீட்டில் தடுப்பு எழுப்பி இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்கிற வேலை. குமணன்சாவடியில் கடை போட்ட நாளிலிருந்து செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன். வேலை கஷ்டமே இல்லை. வாடிக்கையாளருக்கு விளக்குவதுதான் பிராணனை வாங்கும். சக சர்வீஸ்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தனி மீட்டர்

நசரத்பேட்டை தணிகாசலம் ஐயாவின் மகள் பவித்ரா, இன்ஜினீயரிங் கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்கு லினக்ஸ் வேண்டும். ஆனால் வீட்டில் ஒரே லேப்டாப், அதிலும் பாதி அப்பாவின் கோயில் திருவிழா வீடியோக்கள். அவற்றுக்கு ஆபத்து வரக்கூடாதென்று அப்பாவும் கூடவே வந்துவிட்டார்.

நெல் விளைந்த நிலத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். நான் சொன்ன டெக்னிக்கல் சமாசாரம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. "உங்க வீட்ல போர்ஷன் தடுக்கிற மாதிரிதாங்க ஐயா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நடுச்சுவர் கெட்டியா, வாசல் தனியா என்று துருவிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அதெல்லாம் சரி நைனா, தனி மீட்டர் கீதா?"

வாசலில் விசாரணை

லினக்ஸை ஏற்றி அனுப்பிய மறுநாள் காலையில் ஐயாவிடமிருந்து போன். லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை, அதில் விண்டோஸா லினக்ஸா என்று கேள்வி. அம்புக்குறியை நகர்த்தி விண்டோஸில் நிறுத்தி என்டர் தட்டச் சொன்னேன். தட்டினார், திருவிழாவும் வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"என் ஊட்டுக்குள்ள நான் போறதுக்கு, எங்க போறேன்னு என்னையே நிக்க வச்சுக் கேக்குதே, இது இன்னாப்பா நியாயம்?"

வெள்ளையடிப்பு

அடுத்த மாதம் பவித்ரா கடைக்குள் நுழையும்போதே அழுதுகொண்டிருந்தாள். புராஜெக்ட்டைக் காணோம். மறுநாள் காலேஜில் ரிவ்யூ. வேறெங்காவது காப்பி எடுத்து வைத்தாயா என்றேன், இல்லையென்று தலையாட்டினாள். பின்னாலேயே ஐயா, சட்டைப் பட்டனைத் திருகியபடி.

நடந்தது இதுதான். லினக்ஸ் இருக்கிற இடத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதை யாராவது திறக்கப் போனால், மொத்தத்தையும் துடைத்து ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். திறக்கப் போனவர் ஐயா.

"எப்பவும் இப்படித்தாண்ணா. குடித்தனக்காரங்க வீட்டுக்குள்ளயும் கேக்காம போய், சுவத்துல ஆணி அடிச்சிருக்காங்களான்னு பாப்பாரு" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

ஐயா மெல்ல வாயைத் திறந்தார்: "நீதானப்பா போர்ஷன்னு சொன்னே? தொறக்கப் போனா உள்ள ஒண்ணுமே தெரில, சுத்தம் பண்ணட்டான்னு கேட்டுச்சு. காலி போர்ஷன்னா வெள்ளையடிச்சுத்தானே வைக்கணும்? சரின்னு அமுக்கிட்டேன்."

சாமான் உள்ளேதான்

"அழாதம்மா, எடுத்துடலாம்" என்றேன். சும்மா சொல்லவில்லை. இந்த மாதிரிப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மேட் அழிப்பது பெரும்பாலும் கதவில் எழுதியிருக்கும் பெயரைத்தான். அதன்மேல் புதிதாக எதையும் ஏற்றாதவரை சாமான் உள்ளேயே கிடக்கும். நல்லவேளை, வெள்ளையடித்ததோடு ஐயா நிறுத்தியிருந்தார். ஆனாலும் மீட்கிற மென்பொருளை ஓடவிட்டு, வேறு வேலை எதையும் தொடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உவமை என்னுடையது ஆயிற்றே.

ஃபைல்கள் பெயரில்லாமல் மூட்டை மூட்டையாக வந்தன. பவித்ரா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஐயா ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாங்கிவந்த டீ அவர் கையிலேயே ஆறியது. மத்தியானம் தாண்டி, "இதாண்ணா, இதான்!" என்று கத்தினாள். அவர் சட்டென்று தெருப்பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே உன் போர்ஷனுக்குள்ள உன்னக் கேக்காம வர மாட்டேம்மா" என்றார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இத மொதல்ல நம்ம மாடில குடித்தனம் இருக்கிற அக்காகிட்ட போய் சொல்லுங்கப்பா."

ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சண்டையில்லாமல் குடிவைக்க என்னால் முடியும். ஹவுஸ் ஓனரை வாசலிலேயே நிறுத்தி வைக்கிற மென்பொருள்தான் இன்னும் வரவில்லை.