புளியங்கொட்டைத் தேர்தல்

வலங்கைமான் பக்கத்தில் தர்மாம்பாளின் மாவு மில்லுக்கு வராத வீடு கிடையாது. புருஷன் போன பிறகு பெல்ட் மாட்டுவதிலிருந்து மோட்டார் ரிப்பேர் வரை தானே பார்த்துக்கொள்கிறவள். மகளிர் குழு ஆரம்பித்த நாளிலிருந்து தலைவியும் அவள்தான். வருஷா வருஷம், "தர்மாம்பாளே இருக்கட்டும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்பார்கள். ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாம் மேலே போகும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இந்த வருஷம் தையல் கடை நஜ்மா போட்டிக்கு நின்றாள். நின்றதோடு விட்டாளா? "கை தூக்குறதெல்லாம் வேணாங்க்கா, ரகசியமாப் போடணும்" என்றாள்.

"ஏன், என் எதிர்ல தூக்க யாருக்குக் கை வலிக்குது?"

"தூக்காம இருக்கத்தாங்க்கா வலிக்கும். நாளைக்கு அரிசி அரைக்க உங்ககிட்டதானே வரணும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தர்மாம்பாளும் சிரித்தாள். ஆனாலும் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தூக்கிய கையெல்லாம் தனக்கா, மில்லுக்கா? தெரிந்துகொள்ளாமல் இனி இருப்புக் கொள்ளாது. "ரகசியமாவே போடுங்கடி" என்றாள்.

சமுதாயக் கூடத்தின் உள்ளறையில் அவள் வீட்டுப் பித்தளைக் குடத்தையும் நஜ்மா வீட்டு பிளாஸ்டிக் வாளியையும் வைத்தார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டை. தனியாக உள்ளே போய், வேண்டியவள் பாத்திரத்தில் போட்டுவிட்டு வர வேண்டியது.

முதல் ஆள் போனாள். 'டங்'. வெளியே எல்லாத் தலையும் திரும்பியது. அடுத்தவளும் 'டங்'. தர்மாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவதாகப் போன ரெத்தினம் வந்ததும் வராததுமாகக் குனிந்து, "கேட்டுச்சாக்கா?" என்றாள்.

தர்மாம்பாளுக்கு மூஞ்சியில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. பித்தளைதான் ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தும், பிளாஸ்டிக் கத்தாது; இதுவும் கை தூக்குவதுதானே! சும்மா இருந்திருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. நஜ்மாகூட, வாளியைத் தானே தூக்கிவந்த வருத்தத்தில் வாயைத் திறக்கவில்லை.

"நிறுத்துங்கடி! இதுக்குக் கை தூக்குறதே தேவலை."

மில்லுக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு கோணிப்பை எடுத்துவந்து, உள்ளறை ஆணிகளில் மாட்டினாள். எது யாருடையது என்று தெரிய, ஒன்றின் கீழே குடம், மற்றதன் கீழே வாளி. விழுந்த கொட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

இப்போது சத்தமே இல்லை. வெளியே வந்த முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் பிடி கொடுக்கவில்லை.

இரண்டு கொட்டை வித்தியாசத்தில் நஜ்மா ஜெயித்தாள். தர்மாம்பாளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் தன் பையைக் கவிழ்த்தபோது இரண்டு கையும் நிறைந்தது. காதில் விழாது என்று தெரிந்தும் இத்தனை பேர் போட்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் சரி.

மறுநாள் மில்லுக்கு வந்தவளெல்லாம், "நான் உங்களுக்குத்தாங்க்கா போட்டேன்" என்றாள். கேட்டுக் கேட்டு, மத்தியானத்துக்குள் தான் எப்படித் தோற்றோம் என்று தர்மாம்பாளுக்கே விளங்காமல் போயிற்று. அப்போது நஜ்மா கோதுமையோடு வந்தாள்.

"வா, நீயும் எனக்குத்தான் போட்டேன்னு சொல்லிடு."

"அதெப்படிச் சொல்றது? ரகசியங்க்கா."

"போடி, பெரிய தலைவி!" என்று சிரித்துக்கொண்டே கோதுமையைக் கொட்டி மோட்டாரைப் போட்டாள் தர்மாம்பாள்.